குதிரையோடு ஆர்வி கேம்ப்பிங்: ராத்திரி கட்டுவதில்தான் கோட்டை விடுகிறார்கள்

சனி ஞாயிறு வந்தால் டெக்சஸ் ஹில் கன்ட்ரி பக்கத்துக் குதிரை முகாம்களில் புதுமுகங்கள் நிறைய. பளபளவென்று ஆர்வி என்கிற வீட்டு வண்டி, இல்லாவிட்டால் ஆளும் குதிரையும் தங்குகிற லிவிங் குவார்ட்டர்ஸ் ட்ரெய்லர், உள்ளே ஏசி, மெத்தை, மைக்ரோவேவ் எல்லாம் பக்கா. ராத்திரி குதிரையை எங்கே கட்டப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏதோ ஒரு மரத்தைக் காட்டுவார்கள். நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது சொதப்பியதையே வரிசை மாறாமல் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலுதவிப் பெட்டி, டயர் காற்று, பிரேக் விளக்கு இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும், விட்டுவிடுகிறேன்.

கோகின்ஸ் காகிதம் போனில் மட்டும்

டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் கடந்த 12 மாதத்துக்குள் எடுத்த நெகட்டிவ் கோகின்ஸ் டெஸ்ட் (ஒரு ரத்தப் பரிசோதனை) காகிதம் இல்லாமல் குதிரையை உள்ளே விடமாட்டார்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அந்த டெஸ்ட் தேடும், குதிரைகளுக்குத் தொற்றுகிற ரத்தசோகை நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. கடிக்கிற ஈ ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடும். பாசிட்டிவ் வந்த குதிரையைக் கருணைக்கொலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தனியாக ஒதுக்கி வைக்கவேண்டும். வேறு மாநிலத்துக்குப் போனால் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழும் கேட்பார்கள், அது பெரும்பாலும் 30 நாளைக்குத்தான் செல்லும். இரண்டையும் அச்செடுத்து வண்டியில் வையுங்கள். பல முகாம்களின் வாசலில் சிக்னலே வராது.

ராத்திரி கட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து ட்ரெய்லர் வாங்குகிறவர் நல்ல கயிறும், மரத்தைச் சுற்றிப் போட இரண்டு நாடாப் பட்டையும் வாங்க யோசிப்பார். அந்தக் குதிரையோ அதுவரை வீட்டில் லாயத்திலோ மேய்ச்சல் வெளியிலோ மட்டும் தூங்கிப் பழகியது.

பிக் சவுத் ஃபோர்க் பக்கம், அதாவது டென்னசி, கென்டக்கி இரண்டிலும் பரந்து கிடக்கும் காட்டுப் பகுதியில், பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒருவர் இரண்டு மரங்களுக்கு நடுவே தன் நெஞ்சு உயரத்தில் கயிறு கட்டியிருந்தார், துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொய்வாக. குதிரையின் தலையிலிருந்து அந்தக் கயிற்றுக்குப் போகும் லீட் கயிறும் தாராள நீளம், "பாவம், வசதியாகப் படுக்கட்டும்" என்று. நடுராத்திரி திடீரென்று மரம் குலுங்குகிற சத்தம். டார்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தால், குதிரையின் ஒரு முன்னங்கால் லீட் கயிற்றுக்கு மேலே, தலை ஒரு பக்கம் இழுபட்டுக் கிடக்கிறது, அது உதறுகிற ஒவ்வொரு உதறலுக்கும் கயிறு குளம்புக்கு மேலே இருக்கிற மடிப்பில் அறுத்துக்கொண்டு போகிறது. முடிச்சோ கல் மாதிரி இறுகிவிட்டது. யாரோ கத்தி கொண்டுவந்து அறுத்தார்கள். தோல் உரிந்து சதை தெரிந்தது. விடுமுறை நாளில் அவசரத்துக்கு வரும் மருத்துவருக்கு எவ்வளவு அழவேண்டும் என்பது ஒரு பக்கம்; கயிறு அறுத்த புண் அந்த மடிப்பில் வந்தால் ஒவ்வொரு அடிக்கும் விரிந்துகொண்டே இருக்கும், லேசில் ஆறாது.

இப்படி இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டுகிற கயிற்றுக்குப் பெயர் ஹைலைன், அது குதிரையின் தலைக்கு மேலே போகவேண்டும், குறைந்தது 7 அடி. உயிருள்ள தடித்த மரமாகப் பாருங்கள், மரத்தின் தோல் அறுபடாமல் இருக்க அகலமான நாடாப் பட்டைகளை மரத்தைச் சுற்றிப் போட்டு அதில் கயிற்றைக் கட்டுங்கள். எவ்வளவு முறுக்கமாகக் கட்டினாலும் குதிரை இழுத்தால் கொஞ்சம் தொய்யும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லீட் கயிறு நகராமல் நிற்க, சுழலும் வளையங்கள் விற்கிறார்கள். மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி மாட்டுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க வேரைப் பறித்துக்கொண்டு நிற்கும். குதிரை தலையைத் தாழ்த்தினால் மூக்கு தரையைத் தொடவேண்டும், அதற்குமேல் ஒரு சாண் கூட மிஞ்சக்கூடாது. முடிச்சு சுண்டினால் அவிழவேண்டும். கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி.

பிக்னிக் மேசையிலும் ஆர்வி ஏணியிலும் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் மேசையும் கூடவே வரும், மேசை துரத்துவதைப் பார்த்துக் குதிரை இன்னும் மிரளும், அப்புறம் அதை நிறுத்துவது உங்கள் கையில் இல்லை.

கட்டுவதற்குப் பதில் சுற்றிலும் மின்வேலி நாடா போடுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அதுவும் தப்பு. ஹில் கன்ட்ரியில் மேல்மண் ஒரு விரல்கடைதான், கீழே சுண்ணாம்புப் பாறை, எர்த் கம்பி உள்ளேயே இறங்காது. மண்ணும் காய்ந்து கிடந்தால் ஷாக் அடிக்காது. அது தெரிந்த குதிரை சும்மா நடந்து வெளியே போகும், தெரியாத குதிரையோ மான் கூட்டம் ஓடினால் நாடாவையும் இழுத்துக்கொண்டே ஓடும். பக்கத்தில் நெடுஞ்சாலை இருந்தால் மிச்சத்தை நான் சொல்லவேண்டாம்.

எதை நம்பினாலும் முதலில் வீட்டில் பழக்குங்கள். பகலில் சில மணி நேரம், பிறகு நீங்கள் எழுந்து பார்க்கக்கூடிய ராத்திரிகளில். கூடவே பக்கத்தில் ஆர்வியின் ஸ்லைட்-அவுட்டை (பக்கவாட்டில் வெளியே நீளும் பகுதி) இழுத்து மூடுங்கள், ஆனிங் என்கிற நிழல் துணியை விரியுங்கள், ஜெனரேட்டரை ஓடவிடுங்கள். இன்னொன்று, மரத்தில் கயிறே கட்டக்கூடாது என்று சொல்கிற முகாம்கள் நிறைய உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், போய் நின்றுகொண்டு வாதாடாதீர்கள்.

தண்ணீர்

ஒரு குதிரை நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். பண்டேராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹில் கன்ட்ரி ஸ்டேட் நேச்சுரல் ஏரியாவில் மனிதர்களுக்குக் குடிதண்ணீர் கிடையாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் தண்ணீர் இருப்பதே போதாது, அதைக் குதிரை குடிக்கவேண்டுமே. வாடை மாறினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். குடிக்காமல் காய்ந்த புல்லை மட்டும் தின்றால் குடலில் அடைத்துக்கொண்டு கோலிக் என்கிற கடும் வயிற்றுவலி வரும், அது உயிரையே எடுக்கலாம். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கிவிட்டால் முகாம் தண்ணீரிலும் அதையே கலந்து ஏமாற்றலாம். புல்லை நனைத்துப் போடுவதும் நல்லது.

புல் கட்டு

ராக்கி மலைப் பக்கத்து தேசியக் காடுகளில் களை விதை இல்லாத புல் என்று சான்று பெற்ற கட்டுகளை மட்டும்தான் கொண்டுபோகலாம். அங்கே போய் வாங்கித் திடீரென்று போட்டால் குதிரைக்கு வயிறு கெடலாம். மூன்று நான்கு நாள் முன்பே அந்தப் புல்லுக்கு மாற்றிவிடுங்கள், குடலில் இருக்கிற பழைய களை விதையும் வீட்டிலேயே இறங்கிவிடும்.

ட்ரெய்லர் தரை

பாயைத் தூக்குங்கள், ஸ்க்ரூடிரைவரால் பலகையைக் குத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது, பயணம் ரத்து.

ஆர்வி நீளம்

முன்பதிவு செய்யும்போது ட்ரக்கையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள்.

ஃபிஃப்த் வீலுக்குப் பின்னால் குதிரை ட்ரெய்லர்

ட்ரக்கின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் பெரிய ஆர்வி ட்ரெய்லர்தான் ஃபிஃப்த் வீல். அதற்குப் பின்னால் இன்னொன்றை மாட்டுவதைப் பல மாநிலங்களில் சட்டமே அனுமதிக்காது. அனுமதிக்கிற இடத்திலும் ரிவர்ஸ் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

லத்தி

கிளம்பும்போது முழுவதையும் அள்ளுங்கள், சிந்திய புல்லையும் சேர்த்து. சில முகாம்களில் அதற்கென்று தனித் தொட்டி இருக்கும், சில இடங்களில் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்வார்கள். ஆர்வி கழிவைக் கொட்டுகிற டம்ப் ஸ்டேஷனில் போடாதீர்கள். ஆமாம், போட்டவரைப் பார்த்திருக்கிறேன்.