இல்லாத இலையைக் காட்டும் ஹோலோகிராம்: ஒரு லேசரைக் கொண்டு செய்யும் முறை

இந்த முறையைப் பின்பற்றினால் உங்கள் கையில் ஒரு கண்ணாடித் தட்டு மிஞ்சும். சிறிய விளக்கொன்றின் ஒளி சரியான கோணத்தில் அதன் மேல் விழும்போது, தட்டுக்குப் பின்னால் செந்நிறமாக ஒளிரும் பரப்பு ஒன்றும், அப்பரப்புக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும் கரிய இலை ஒன்றும் தெரியும். தலையைச் சற்று நகர்த்தினால் அந்த இலை பின்பரப்பின் வேறொரு பகுதியை மறைக்கும். ஆகவே அது தட்டின் மேல் படிந்த கறையன்று, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒன்று என்று கண் உறுதியாகச் சொல்லும். ஆயினும் அந்த இலையிலிருந்து ஒளி எதுவும் பதிவாகவில்லை. அது இருந்த இடத்தில் பதிவு நிகழாமல் போனதைத்தான் நாம் ஒரு பொருளாகப் பார்க்கிறோம். ஹோலோகிராபியைக் கலையாகக் கற்க விரும்புகிறவர்கள் பூச்சாடியையோ பொம்மையையோ பதிவுசெய்வதை விட்டுவிட்டு இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் ஒரு பொம்மையின் ஹோலோகிராம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பார்ப்பவர் பொம்மையைத்தான் பார்ப்பார். தன் பார்வையைப் பார்க்க மாட்டார்.

எது ஹோலோகிராம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியலைகளையே பதிவுசெய்து, பிறகு அவற்றை மீட்டெழுப்பி அப்பொருளை ஆழத்தோடு காட்டுவது ஹோலோகிராம்; அப்படிப் பதிவுசெய்யும் முறை ஹோலோகிராபி. மேடைகளில் மறைந்த பாடகர்களை நிறுத்திக் காட்டும் ஏற்பாடுகளில் பல, 1862-இல் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய கண்ணாடிப் பிரதிபலிப்பு உத்தியின் வழிவந்தவை. அவற்றில் தெரிவது தட்டையான படம். பக்கவாட்டில் நகர்ந்தாலும் அதன் மறுபுறம் தெரிவதில்லை. ஹோலோகிராபியின் கொள்கையை டென்னிஸ் கேபர் 1947-இல் கண்டறிந்தார். அதற்காக 1971-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குத் தேவையான, அலைகள் ஒன்றோடொன்று சீராக இணைந்து செல்லும் ஒழுங்கான ஒளி, 1960-இல் லேசர் வந்த பிறகே கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மெட் லீத்தும் யூரிஸ் உபாட்நியெக்ஸும் லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்துப் பதிவுசெய்யும் முறையை உருவாக்கிய அதே காலத்தில், சோவியத் ஒன்றியத்தில் யூரி டெனிஸ்யுக் ஒரே கதிரைக் கொண்டு பதிவுசெய்து வெள்ளொளியிலேயே பார்க்கத்தக்க முறையை 1962-இல் வெளியிட்டார். நாம் இங்கே கையாளப்போவது டெனிஸ்யுக்கின் முறை. ஒரே லேசர் போதும் என்பதால் தனியாக வேலை செய்யும் கலைஞருக்கு இதைவிட எளிய வழி இல்லை.

இம்முறையில் லேசர் ஒளி முதலில் கண்ணாடியில் ஒட்டிய, ஒளியைப் பதிவுசெய்யும் படலத்தைக் கடந்து, பின்னால் உள்ள பொருளின் மேல் பட்டு, சிதறித் திரும்பி வந்து மீண்டும் படலத்தை அடைகிறது. வரும் ஒளியும் திரும்பும் ஒளியும் படலத்துக்குள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, மிக நுண்ணிய பட்டைகளை அடுக்கடுக்காக உருவாக்குகின்றன. 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைப் பயன்படுத்தினால் இரண்டு பட்டைகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 210 நானோமீட்டர்தான். ஒளி விழும் நேரம் முழுவதும் இப்பட்டைகள் அசையாமல் நிற்க வேண்டும்; பொருள் அலைநீளத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது சுமார் 63 நானோமீட்டருக்கு மேல் நகர்ந்தாலே பதிவு மங்கத் தொடங்கும், இன்னும் சற்று நகர்ந்தால் அழிந்தே போகும். மனித முடியின் தடிமன் இதைப்போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம் என்பதை எண்ணிப் பாருங்கள். தொழில்நுட்ப நூல்கள் இந்த அசைவைத் தவிர்க்க வேண்டிய குறையாகச் சொல்கின்றன. நாம் செய்யப்போவது அந்தக் குறையை ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே நுழைய விடுவது. பச்சை இலை ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. நீர் இழந்து சுருங்குவது, தன் எடையால் மெல்லத் தொய்வது, காற்றோட்டத்தில் நடுங்குவது என்று ஏதேனும் ஓர் அசைவு அதில் இருந்துகொண்டே இருக்கும். அதன் மேல் பட்டுத் திரும்பும் ஒளி பட்டைகளை உருவாக்காது. ஆனால் பின்பரப்பின் ஒளியை இலை மறைத்துக்கொண்டுதான் இருக்கும். எனவே இலையின் வடிவிலேயே ஓர் இருள், இலை நின்ற ஆழத்திலேயே பதிவாகும்.

தேவையான பொருள்கள்

சக்தி 5 மில்லிவாட்டுக்கு மிகாத சிவப்பு டயோடு லேசர், அதன் அலைநீளத்துக்கு ஏற்ற ஹோலோகிராம் படலம், கனமான கல் பலகை, பாதி மட்டும் காற்றடைத்த டயர் டியூப், வெள்ளை வண்ணம் பூசிய ஓடு, ஒரே உயரமுள்ள மூன்று உலோகக் கட்டைகள், கறுப்பு அட்டை, களிமண் உருண்டை, ஒரு கூழாங்கல், ஓர் இலை. லேசரின் முன்னுள்ள குவிக்கும் வில்லையைக் கழற்ற முடிந்தால் ஒளி தானாகவே விரிந்து பரவும். கழற்ற முடியாவிட்டால் சிறிய குழிவில்லை ஒன்றை முன்னால் வைத்து விரிக்க வேண்டும். விரிக்கப்படாத கதிரை நேராகவோ பளபளப்பான பரப்பில் பிரதிபலித்தோ கண்ணுக்குள் விழவிடக் கூடாது. கதிர் செல்லும் பாதை உங்கள் கண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

படலத்தில் இரண்டு வகை உண்டு. வெள்ளி ஹாலைடு படலம் நுண்மையானது, ஆனால் உருத்துலக்கவும் வெளுக்கவும் வேதிக்கரைசல்கள் தேவை. ஒளிப் பாலிமர் படலத்துக்கு அவை தேவையில்லை. முதல் முயற்சிக்குப் பாலிமர் படலத்தையே பரிந்துரைக்கிறேன். கரைசல்களில் நேரும் பிழையையும் அசைவால் நேரும் பிழையையும் பிரித்தறியத் தெரியாத நிலையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது வீண் துன்பம்.

அடுக்கும் முறை

டியூபின் மேல் கல் பலகையை வையுங்கள். தரையின் அதிர்வைக் காற்று வாங்கிக்கொள்ளும். கல்லின் கனம் மிச்சத்தை அடக்கும். பலகையின் மேல் வெள்ளை ஓட்டைப் படுக்க வைத்து, அதைச் சுற்றி மூன்று கட்டைகளை நிறுத்துங்கள்; படலம் ஒட்டிய கண்ணாடி பின்னர் இக்கட்டைகளின் மேல் கிடைமட்டமாக அமரும். நான்கு கால்களில் நிற்கும் பொருள் ஆடக்கூடும், மூன்று கால்களில் நிற்பது ஆடாது. ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே 3 அல்லது 4 சென்டிமீட்டர் இருந்தால் போதும். வெள்ளொளியில் பார்க்கும்போது தட்டிலிருந்து விலக விலகப் பிம்பம் மங்கிக்கொண்டே போகும் என்பதால், ஆழத்தின் மேல் ஆசை கொள்ளாதீர்கள். லேசரை அரை மீட்டர் தொலைவில், மேலிருந்து 45 பாகைச் சாய்வில் கண்ணாடி முழுவதும் ஒளி பரவுமாறு அசையாத தாங்கியில் பொருத்துங்கள். இந்தத் தாங்கியும் அதே கல் பலகையின் மேல் நிற்பது நல்லது.

இப்போது இலை. அதன் காம்பை மட்டும் களிமண்ணில் செருகி, இலைப்பரப்பு ஓட்டையும் கண்ணாடியையும் தொடாமல் நடுவில் மிதக்கும்படி நிறுத்துங்கள். நான் முதன்முதலில் செய்தபோது இலை விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அதன் நடு நரம்பைப் பசையால் மெல்லிய கம்பியில் ஒட்டிவிட்டேன். நரம்பின் அருகே இலை அசையாமல் நின்று பதிவாகிவிட்டது. ஓரங்கள் மட்டும் கருத்தன. கிடைத்தது ஒரு மோசமான இலைப் படம். இலைக்குச் சுதந்திரம் கொடுத்தால்தான் அது மறையும்.

இலைக்கு அருகே கூழாங்கல்லை ஓட்டின் மேல் பசையிட்டு ஒட்டுங்கள். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. பதிவு முடிந்த பிறகு கூழாங்கல் ஒளியோடும் இலை இருளாகவும் தெரிந்தால் எல்லாம் சரி. இரண்டுமே இருண்டிருந்தால் முழு அமைப்பும் அசைந்திருக்கிறது என்று பொருள். விரும்பிய இருளையும் தவறால் வந்த இருளையும் பிரித்துச் சொல்ல இந்தக் கல் ஒன்றே சாட்சி.

ஒளி சாய்வாக விழுவதால் இலையின் நிழல் ஓட்டின் மேல் சற்றுத் தள்ளி விழும். அதை நீக்க முயலாதீர்கள். இறுதிப் பிம்பத்தில் இரண்டு கருமைகள் இருக்கும்: ஒன்று ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் உண்மையான நிழல், மற்றது ஓட்டுக்கு மேலே நிற்கும் இலையின் இன்மை. பார்ப்பவர் நகரும்போது முதலாவது ஓட்டை விட்டு அகலாது. இரண்டாவது ஓட்டின் மேல் வழுக்கிச் செல்லும். நிறத்திலும் வடிவிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இரண்டு இருள்களில் ஒன்றைப் ‘பொருள்’ என்றும் மற்றதை ‘நிழல்’ என்றும் மூளை தயக்கமின்றிப் பெயரிட்டுவிடும். இந்தத் தட்டு கேட்கும் கேள்வி முழுவதும் அந்தப் பெயரிடுதலில்தான் இருக்கிறது.

பதிவு

லேசரை ஏற்றிப் பத்து நிமிடமாவது எரிய விடுங்கள். சூடு நிலைபெறும் வரை டயோடின் அலைநீளம் தாவிக்கொண்டிருக்கும். கறுப்பு அட்டையால் ஒளியை மறைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, படலத்துடன் வந்த குறிப்பில் அனுமதிக்கப்பட்ட நிறத்தில் மட்டும் மங்கிய விளக்கை ஏற்றி, படலத்தைக் கண்ணாடியோடு கட்டைகளின் மேல் வையுங்கள். மின்விசிறி, குளிரூட்டி ஆகியவற்றை நிறுத்திவிட்டு மேலும் பத்து நிமிடம் காத்திருங்கள். பொறுமையின்மையால் கெட்ட தட்டுகளே மிகுதி. பிறகு அட்டையைப் பலகையிலிருந்து மெல்லத் தூக்கி, ஆனால் ஒளியை இன்னும் மறைத்தபடியே சில விநாடிகள் கையில் பிடித்திருந்து, தூக்கிய அதிர்வு அடங்கியதும் விலக்குங்கள். ஒளி விழ வேண்டிய நேரத்துக்குப் படலத்தின் குறிப்பையே பின்பற்றுங்கள். அந்நேரத்தில் பேசுவதோ நடப்பதோ கூடாது. முடிந்ததும் அட்டையால் மறைத்துவிட்டு, பாலிமர் படலமானால் குறிப்பில் சொன்னபடி வெள்ளொளியில் நிலைப்படுத்துங்கள்.

தட்டைத் திருப்புதல்

பதிவு நன்றாக வந்திருந்தால் அதே தட்டில் இரண்டாவது கேள்வி ஒன்றும் மறைந்திருக்கிறது. விளக்கு மேலிருந்து சாய்வாக விழும்படி தட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பிம்பத்தைப் பாருங்கள். அடுத்து, மேல் விளிம்பு கீழே வருமாறும் பின்புறம் முன்னால் வருமாறும் அதைப் புரட்டுங்கள். இப்போது தட்டுக்குப் பின்னால் தெரிந்த மாயபிம்பத்துக்குப் பதிலாக மெய்பிம்பம் தட்டுக்கு முன்னால், உங்களை நோக்கி வெளியே வந்து நிற்கும், ஆழமும் தலைகீழாகும். ஓடு உங்களுக்கு அருகில் வந்துவிடும், இலை அதற்குப் பின்னால் போய்விடும். ஆயினும் பின்னால் போன இலை முன்னால் உள்ள ஓட்டைத் தொடர்ந்து மறைத்துக்கொண்டிருக்கும். அருகில் இருப்பதே தொலைவில் இருப்பதை மறைக்கும் என்ற, பிறந்தது முதல் நாம் நம்பிவரும் விதி அங்கே முறிகிறது. மூளை அதை ஏற்காமல், ஓட்டில் ஒரு துளை விழுந்திருப்பதாகச் சமாதானம் தேடும். தலையை அசைத்தால் அந்தத் துளை ஓட்டின் மேல் ஊர்ந்து செல்லும். ஹாரியட் காஸ்டின்-சில்வர் 1977-இல் செய்த ‘ஈக்விவோக்கல் ஃபோர்க்ஸ்’ என்னும் படைப்பில் முட்கரண்டிகள் பார்ப்பவரை நோக்கி வெளியே நீண்டு நின்றதும் இத்தகைய ஆழம் புரண்ட பிம்பத்தால்தான். மிகப் பழகிய பொருளைத் தேர்ந்ததே அப்படைப்பின் வலிமை என்று கருதுகிறேன். தெரியாத பொருளின் ஆழம் புரண்டால் யாருக்கும் தெரியாது.

இந்த ஒரு முறையோடு நின்றுவிட வேண்டியதில்லை. கோட்டு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது தோன்றும் மோரே வடிவங்களை ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்து 1968-இல் ஹோலோகிராபிக்கு வந்தவர் மார்கரெட் பென்யன். 1983-இல் ஹோலோகிராம் கவிதைகளைத் தொடங்கிய எட்வர்டோ காட்ஸ், வாசகர் நடக்க நடக்க எழுத்துகள் மாறுமாறும், சில இடங்களில் இடக்கண்ணும் வலக்கண்ணும் வெவ்வேறு எழுத்துகளைக் காணுமாறும் அமைத்தார். இவற்றுக்கெல்லாம் கூடுதல் கதிர்களும் கண்ணாடிகளும் தேவை. இலைத் தட்டு கைக்கு வந்த பிறகு அவற்றுக்குச் செல்லலாம்.

காட்சிக்கு வைத்தல்

தட்டு நன்றாக அமைந்தும் விளக்குப் பிழையால் படைப்பு கெடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒளிமூலம் ஒன்றாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும். பல முத்துகள் சேர்ந்த எல்இடி விளக்கு பல பிம்பங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடும். குழல் விளக்கு எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஒற்றைச் சில்லு எல்இடி அல்லது சிறிய ஹாலோஜன் விளக்கைப் பதிவின்போது லேசர் வந்த அதே 45 பாகைக் கோணத்தில் நிறுத்துங்கள்.

தட்டின் பின்னால் என்ன வைப்பது என்பது கலை சார்ந்த முடிவு. கறுப்புத் தாள் வைத்தால் பின்பரப்பு பளிச்சென்று தெரியும், இலையும் ஆழ்ந்த கருமை பெறும். எதுவும் வைக்காமல் தட்டை அறையின் நடுவே தொங்கவிட்டால் இலையின் வடிவம் ஒரு சன்னலாகிவிடும். அதன் வழியே அறையின் மறுபுறமும் அங்கே நடக்கும் மனிதர்களும் தெரிவார்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். முதலாவது கண்ணை வியக்க வைக்கிறது. இரண்டாவதில் கருமை என்று நினைத்த ஒன்று திடீரென்று அசைவதைக் கண்டு பார்ப்பவர் ஓரடி பின்வாங்குகிறார்.

டெனிஸ்யுக் முறையில் பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழுமாகவும் இடமாறு தோற்றம் உண்டு, அதாவது பார்ப்பவர் நகர நகரக் காட்சியும் மாறும். ஆகவே தட்டின் முன் இருபுறமும் நடக்கவும் குனியவும் இடம் விடுங்கள். தரையில் நிற்கும் இடத்தைக் குறிக்காதீர்கள். பதிவுக்குப் பயன்படுத்திய ஓட்டையும் கூழாங்கல்லையும் அருகில் வைக்க வேண்டாம், பெயர்ப் பலகையில் ‘இலை’ என்ற சொல்லும் வேண்டாம். அங்கே ஓர் இலை இருப்பதாகப் பார்ப்பவரே சொல்லட்டும்.