வண்டி நிற்கும்போதே நடந்துவிடும் தவறுகள்: தொலைதூர லாரி டிரைவர்களுக்கு

லாரி விபத்து என்றதும் வேகம், முந்தல், திடீர் பிரேக் இவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் என்ற முறையில் என் கணக்கு கொஞ்சம் வேறு. தொலைதூர ஓட்டத்தில் பெரிய தவறுகள் பெரும்பாலும் வண்டி நிற்கும்போதே நடந்துவிடுகின்றன. லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது ஃபோனில் கொடுக்கும் ஒரு வாக்கு, "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இறுக்காமல் விட்ட ஒரு லோடு பெல்ட், மலை உச்சியில் மாற்றாமல் விட்ட ஒரு கியர். சாலையில் அதையெல்லாம் வட்டியும் முதலுமாகக் கட்டுகிறோம்.

முதலில் அந்த ஃபோன் வாக்கையே எடுத்துக்கொள்வோம். 900 கிலோமீட்டர் போக வேண்டும். புது டிரைவர் மீட்டரில் தெரியும் 80-ஐ வைத்து வகுக்கிறார். பதினொன்றேகால் மணி நேரம் வருகிறது. "காலையில் வந்துடுவேன்" என்று சொல்லிவிடுகிறார். ஆனால் டீசல், சோதனைச் சாவடி, நெரிசல், மழை, ஏற்றம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் நாள் முழுவதற்குமான சராசரி 50-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். அப்போது அதே தூரம் 18 மணி நேரம். நடுவில் உள்ள ஆறேமுக்கால் மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? வண்டியின் வேகத்தை அவ்வளவு கூட்ட முடியாது. தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறோம்.

அதனால் நேரம் சொல்வதற்கு முன், உங்கள் கடைசி நான்கைந்து நடைகளின் தூரத்தையும் ஆன மொத்த நேரத்தையும் எழுதி வைத்து, அந்தச் சராசரியால் வகுங்கள். அதோடு தூங்கும் நேரத்தையும் கூட்டிச் சொல்லுங்கள். கேட்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். ஒரு நாளில் ஓட்டுவது 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். இவை சோம்பேறிகளுக்காகப் போட்ட விதிகள் இல்லை.

தூக்கம் பற்றிய பொய்க் கணக்குகள்

"தூக்கம் வந்தால் ஓரம் கட்டிவிடுவேன்" என்று எல்லோரும் சொல்வோம். இதில் உள்ள சிக்கல், தூக்கம் வந்துவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தத் தூங்கும் மூளைதான். 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது 0.10 சதவீதத்துக்குச் சமமானது. குடித்துவிட்டு ஓட்ட மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர்களும் இந்த இரண்டாவது போதையைப் போதை என்று எண்ணுவதில்லை.

கண்ணை மூடினால்தான் தூக்கம் என்பதும் இல்லை. கண் திறந்திருக்கும், மூளை மட்டும் மூன்று நான்கு நொடி அணைந்து எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அது வருவதற்கு முன் சில அடையாளங்கள் உண்டு. கடந்து வந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இருக்காது. பலகையைப் பார்த்திருப்பீர்கள், என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. கோட்டை மிதித்து மீண்டும் உள்ளே வருவீர்கள். ஒன்று நடந்தாலும் போதும், அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் நிறுத்துமிடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அதற்கு மேல் உதவாது. உண்மையில் வேலை செய்வது, காபி குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் படுப்பது. காபி உடம்பில் பிடிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நீங்கள் எழும் நேரத்தில் அதுவும் எழும். அரை மணிக்கு மேல் தூங்கினால் எழுந்ததும் தலை கனக்கும். அப்படித் தூங்கியிருந்தால் கால் மணி நேரம் கீழே இறங்கி நடந்து, டயரெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் சாவியைப் போடுங்கள். காபி குட்டித் தூக்கத்துக்குத் துணை மட்டுமே, இரவுத் தூக்கத்தின் கடனை அது அடைக்காது.

யாரும் அதிகம் பேசாத தவறு ஒன்று இருக்கிறது. விடுப்பு முடிந்து கிளம்பும் முதல் ராத்திரி. பகல் முழுக்க வீட்டில் வேலை, பிள்ளைகளோடு பொழுது. ராத்திரி பத்து மணிக்கு "நல்லா ரெஸ்ட் எடுத்தாச்சு" என்ற நினைப்போடு வண்டி ஏறுவோம். காலையில் ஏழு மணிக்கு எழுந்தவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு 20 மணி நேரம் விழிப்பு ஆகிவிட்டது. உடம்பின் கடிகாரம் மிகவும் தாழ்ந்து போவதும் அதே இரண்டு மணி முதல் ஆறு மணி வரைதான். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு சிறிய தாழ்வு உண்டு. கிளம்பும் நாளில் மாலை இரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். வீட்டில் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கிறது, வாங்கும்போதே கேளுங்கள். பலத்த குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பாகவே எழுகிறீர்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் டிரைவர்களிடம் நிறைய உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

மலை உச்சியில் எடுக்கும் முடிவு

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சொல்லிக்கொடுக்கும் மூத்த டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்ற விஷயங்களில் அவர்கள் பேச்சைக் கேளுங்கள், இதில் மட்டும் வேண்டாம். மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் போவது அப்படியே நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

இறக்கம் ஏன் பயங்கரம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லலாம். 40 டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 600 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் அதில் பெரும்பங்கைத் தாங்காவிட்டால் அத்தனை சூடும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் ட்ரம்மில்தான் இறங்கும். ட்ரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் லைனரை விட்டு விலகும். லைனரின் உராய்வும் குறையும். டிரைவர் இன்னும் அழுத்துவார், இன்னும் சூடாகும். கடைசியில் மிதி முழுக்கக் கீழே போயிருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறையுங்கள். வேகம் ஏறிய பிறகு கீழ் கியர் விழாது. மாற்றப் போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது பழைய வண்டிகளுக்குப் பொருந்திய விதி. புது வண்டிகள் வலு அதிகமானதால் பெரிய கியரிலேயே ஏறிவிடும், இறங்க அதைவிடக் குறைந்த கியர் தேவைப்படலாம். கால் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், ரிடார்டர் இருந்தால் அதைப் போடுங்கள். கால் பிரேக்கை மேலே மேலே லேசாகத் தேய்த்துக்கொண்டே வர வேண்டாம். 40-இல் இறங்கலாம் என்று வைத்துக்கொண்டால், 40 தொட்டதும் நன்றாக மிதித்து 32 வரை குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். மறுபடி 40 வரும்போது மறுபடி. நடுவில் ட்ரம் ஆறும், பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கும் நிரம்பும்.

ஒரு விதிவிலக்கு: மழையில், காலி வண்டியில், ரிடார்டரையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் கவனமாகக் கையாளுங்கள். பின் சக்கரம் மட்டும் பிடித்து வழுக்கினால் டிரெய்லர் மடங்கித் திரும்பும். காலி வண்டி சீக்கிரம் நிற்கும் என்ற நினைப்பும் தவறு. எடை இல்லாததால் டயருக்குப் பிடிமானம் குறைவு, பல சமயம் லோடு வண்டியைவிட அதிக தூரம் போய்த்தான் நிற்கும்.

லோடு

"பத்து டன் இரும்பு, இது எங்கே நகரப்போகுது?" இந்த வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன். கனமான பொருள் நகராது என்பது நிற்கும் வண்டிக்குத்தான் சரி. வேகமாகப் போகும் வண்டி சடாரென்று நின்றால் கனம் அதிகமாக இருக்கும் அளவுக்குத் தள்ளும் விசையும் அதிகம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லோடு கட்டும் விதியில் இந்த அளவு ஒன்றேதான். முன்பக்கமாக லோடின் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும். பத்து டன்னுக்கு முன்னோக்கி எட்டு டன். அந்த எட்டு டன்னுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

கட்டிக் கிளம்பியதோடு வேலை முடியவில்லை. ஓட்டத்தில் லோடு அமுங்கும், பெல்ட் தளரும். அமெரிக்க விதி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒரு முறையும், பிறகு 3 மணி நேரம் அல்லது ஏறக்குறைய 240 கிலோமீட்டர், இதில் எது முன்னால் வருகிறதோ அதற்கு ஒரு முறையும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. எங்கே ஓட்டினாலும் நல்ல பழக்கம். பாதி நிரம்பிய டேங்கர் தனிக் கதை. பிரேக் அடித்த பிறகு உள்ளே இருக்கும் திரவம் வந்து தள்ளும், நின்ற வண்டியையும் முன்னால் நகர்த்தும்.

இன்னொன்று, பாலங்களின் உயரம். போகும்போது லோடோடு நுழைந்த பாலத்தில் திரும்பும்போது காலியாக இடிக்க முடியும். எடை இறங்கியதும் ஸ்பிரிங் எழும்பி வண்டி உயரமாகிவிடும். காலி உயரத்தை அளந்து கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். காருக்காக எழுதப்பட்ட வரைபடச் செயலிக்கு உங்கள் உயரமும் தெரியாது, எடையும் தெரியாது. சந்து வழியே பத்து நிமிடம் மிச்சம் என்று அது காட்டினால் நம்பாதீர்கள்.

சின்னதாகத் தெரிபவை

டயர்க் காற்றைக் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியதும் குறைவாகிவிடும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது முழுசாக இறங்கிய டயரைக் காட்டும், கால்வாசி குறைந்ததைக் காட்டாது. ஜோடி டயரில் ஒன்று தளர்ந்தால் மற்றது இருவர் சுமையையும் தூக்கும், இரண்டுமே போகும். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி இறுக்குங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்கிறது என்று அர்த்தம்.

ஃபோன் பற்றி ஒரே ஓர் எண் சொல்கிறேன். 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு லாரிகளில் கேமரா வைத்துப் பார்த்தபோது, ஓட்டியபடி குறுஞ்செய்தி தட்டுபவருக்கு விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ ஏற்படும் ஆபத்து 23 மடங்கு என்று தெரிந்தது.

கேபினிலிருந்து குதிக்காதீர்கள். ஒரு தடவை குதிப்பது ஒன்றும் செய்யாது, பத்து வருடம் தினம் பத்து முறை குதித்த முழங்காலைக் கேட்டுப் பாருங்கள். வண்டியைப் பார்த்தபடி, இரு கை ஒரு கால் அல்லது இரு கால் ஒரு கை எப்போதும் பிடித்திருக்க இறங்குங்கள். எட்டு மணி நேரம் குலுங்கி உட்கார்ந்த முதுகோடு இறங்கியவுடன் மூட்டை தூக்குவதும் அதே கணக்கு, ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

வெயில் கண்ணாடிக்கு வெளியேதானே என்று நினைப்போம். 2012-இல் ஒரு மருத்துவ இதழில் 69 வயது டெலிவரி லாரி டிரைவர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் ஓட்டியவர். ஜன்னல் பக்கத்துக் கன்னம் மறு கன்னத்தைவிடப் பல வருடம் மூத்தவருடையது போல் தடித்துச் சுருங்கிப்போயிருந்தது. புற ஊதாக் கதிரில் ஒரு வகை பக்கக் கண்ணாடியை ஊடுருவி வரும்.

குளிருக்கு மூடிய கேபினுக்குள் அடுப்போ கரியோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழுவதில்லை.

தாளும் பேனாவும்

எண்ணிப் பார்க்காத சரக்குக்கு "சரியாக இருந்தது" என்று கையெழுத்துப் போடுவது வருடத்துக்கு ஒரு முறையாவது யாரையாவது கடனாளியாக்குகிறது. எண்ண விடவில்லை என்றால், சீல் வைத்த நிலையில் பெற்றேன், எண்ணிக்கை பார்க்கவில்லை என்று எழுதி, சீல் எண்ணையும் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். இறக்கும் இடத்தில் பெட்டி நசுங்கியிருந்தால் அங்கேயே ரசீதில் எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும். வாசலுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் குறியுங்கள். ஒரு கிடங்கில் என்னை 14 மணி நேரம் நிறுத்திவிட்டு, தாமதம் டிரைவரால் என்று எழுதிவிட்டார்கள். அன்று என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. அடுத்த வாரமே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன்.

வீட்டுக்கும் இதே நேரக் கணக்குதான் பிரச்சினை. "ஞாயிற்றுக்கிழமை வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, சனி ராத்திரி அந்தச் சொல்லைக் காப்பாற்ற ஓட்டிய ஓட்டங்கள்தான் என் வாழ்க்கையிலேயே மோசமானவை. முதலாளிக்குச் சொன்ன நேரத்தைவிடப் பிள்ளைக்குச் சொன்ன நேரம் கால்மேல் அழுத்தும். இப்போதெல்லாம் நான் நேரம் சொல்வதில்லை. ராத்திரி கூப்பிட்டால் முதலில் "வண்டியை நிறுத்திட்டேன்" என்பேன். "சரிப்பா, தூங்கு" என்று மகள் வைத்துவிடுவாள்.