மதியம் மட்டும் கூண்டுக்குள் போகாத நாய்

சென்னை மடிப்பாக்கம் வீட்டுக் கொல்லையில் எங்கள் ராஜபாளையம் நாய்க்கு ஆறடிக்கு நாலடி கூண்டு கட்டினேன். ராத்திரி நன்றாகத் தூங்குவான். மதியம் மட்டும் உள்ளே கால் வைக்க மாட்டான். தகரக் கூரைதான் காரணம் என்று வெள்ளை பெயிண்ட் அடித்தேன், தென்னங்கீற்று போட்டேன். ஈரச் சாக்கு தொங்கவிட்டதில் புழுக்கம்தான் கூடியது. பத்து நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: பின்சுவருக்கு வெளியே, மூக்கைக் கிழக்கே நீட்டிப் படுத்திருந்தான். கடற்காற்று வரும் பக்கம்! மழைக்குப் பயந்து அந்தச் சுவரைத்தான் முழுசாக அடைத்திருந்தேன். கூரைக்குக் கீழே ஒரு சாண் வெட்டினேன். பயனில்லை, காற்று தலைக்கு மேலேயே போனது. சரி என்று, படுத்தால் மூக்கு வரும் உயரத்தில் நீளமாக ஒரு திறப்பு வெட்டிக் கம்பி வலை அடித்தேன். ஐப்பசி மழைக்கு, இறக்கிவிட ஒரு கீல் பலகை. மறுநாள் மதியம் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.