தாயகம் போகுமுன் உங்கள் நோயைக் கிளப்பிவிடுவது எது என்று அறிந்துகொள்ளுங்கள்

எனக்கு இருபது வருடங்களாக ஒற்றைத் தலைவலி. முதல் தடவை தாயகம் போனபோது மூன்று வார விடுமுறையில் ஏழு நாட்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடந்தேன். அம்மம்மாவோடு பேசவேண்டும் என்று போனவள், அவர் வாசல்வரை வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலடிச் சத்தத்தைத்தான் கேட்டேன். வெயில்தான் காரணம் என்றார்கள். நானும் நம்பினேன். அடுத்த பயணத்துக்கு முன் நாட்குறிப்பு எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது: வெயில் தனியாக வந்தால் நான் தாங்குவேன். தூக்கம் கெட்ட மறுநாள் வெயிலில் போனால்தான் விழுவேன்.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே எழுதத் தொடங்குங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், மருந்து நேரத்துக்குப் போட்டீர்களா, மனம் எப்படி இருந்தது, பெண்களானால் மாதவிடாய் நாள். தினமும் நான்கு வரி போதும். நலமாக இருந்த நாட்களையும் கட்டாயம் எழுதுங்கள். மோசமான நாட்களை மட்டும் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. அன்று தூக்கம் குறைவு என்று குறித்திருப்பீர்கள். அதே அளவு தூங்கியும் நன்றாக இருந்த பத்து நாட்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

நோய் கிளம்பினால் முந்தின நாளையும் அதற்கும் முந்தின நாளையும் திரும்பிப் பாருங்கள். நாட்பட்ட சோர்வு நோயில் அளவுக்கு மீறி உழைத்ததன் விளைவு பெரும்பாலும் 12 முதல் 48 மணிநேரம் கழித்தே தெரியும். ஒற்றைத் தலைவலியில் இன்னொரு சிக்கல் உண்டு. வலி வருவதற்குப் பல மணிநேரம் முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மீது ஆசை எல்லாம் வரலாம். இனிப்பைச் சாப்பிட்டதால் வலி வந்தது என்று நினைப்போம். உண்மையில் வலி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதால்தான் அந்த ஆசையே வந்திருக்கும். எனவே ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் நோயைக் கிளப்பிவிடுபவற்றின் பட்டியலில் சேர்க்காதீர்கள். தேவையில்லாமல் ஒதுக்கிய ஒவ்வொன்றும் உங்கள் விடுமுறையைச் சுருக்கும்.

சரி, பயணத்துக்கு வருவோம். தாங்கும் எல்லை என்று ஒன்று எல்லோருக்கும் உண்டு. பயணம் பல காரணங்களை ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும்: இரவு விமானம், வறண்ட காற்று, தவறிய சாப்பாடு, நேர மாற்றம். குளிர்காலத்தில் லண்டனுக்கும் தாயகத்துக்கும் ஐந்தரை மணிநேர வித்தியாசம், டொராண்டோவுக்குப் பத்தரை. இன்சுலின் போடுகிறவர்களும் வலிப்புக்கு மருந்து எடுக்கிறவர்களும் மருந்து நேரத்தை எப்படி நகர்த்துவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டே போகவேண்டும். தூக்கக் குறைவும் தவறிய மருந்தும் வலிப்பைத் தூண்டுவதில் முன்னால் நிற்பவை. இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்து போகலாம்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வெப்பம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை பழுதாகும் நோய்) உள்ளவர்களுக்கு உடல் சூடேறும்போது பார்வை மங்கலாம், கால் தளரலாம். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் அது தணியும். லூபஸ் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு வெப்பத்தைவிடச் சூரியனின் புற ஊதாக் கதிர்தான் பகை. மேகமூட்டமான நாளிலும் கை மூடிய சட்டை வேண்டும். ஆஸ்துமாவுக்குப் புகையும் தூசியும். நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது உறவினரிடம் சொல்வதுதான். அன்பாக வந்து கூப்பிடுகிறவர்களிடம் அந்த நேரத்தில் மறுக்க வாய் வராது. அதனால் இப்போது புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்: “பெரியம்மா, முதல் ரெண்டு நாளும் ஒருத்தரையும் வரச் சொல்லாதேங்கோ. மத்தியானத்தில எனக்கு ஒரு மணித்தியாலம் இருட்டறை வேணும். அது கிடைச்சால் மிச்ச நேரமெல்லாம் உங்களோடதான் இருப்பன்.” நோயின் பெயரை விளக்கத் தேவையில்லை. என்ன வேண்டும், எவ்வளவு நேரம், அதனால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொன்னால் போதும். பெரியம்மா அதன்பிறகு எனக்காகக் காவலே நின்றார்.

எல்லாவற்றையும் தவிர்க்க முயலவேண்டாம். உங்கள் பட்டியலில் கையில் பிடித்துவைக்கக்கூடிய இரண்டைத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தூக்கமும் சாப்பாட்டு நேரமும். அவை இரண்டும் சரியாக இருந்தால் வெயிலுக்கும் சத்தத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கமுடிகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் பழைய நோயின் தலையில் போடாதீர்கள். திடீரென்று வரும் கடும் தலைவலி, ஒரு பக்கம் செயலிழப்பது, பேசமுடியாத மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனை. காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்படியானால் இப்யூபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பரிசோதிக்கும்வரை பாரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், நாட்குறிப்பைக் கூடவே கொண்டுபோய் அங்கேயும் எழுதுங்கள். போன தடவை என் பட்டியலில் இருந்த ஒன்றை அங்கேதான் அடித்தேன். அதிகாலையில் எழும்புவது எனக்கு ஆகாது என்று பல வருடங்களாக எழுதி வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டால் ஐந்து மணிக்கு எழும்பினாலும் தலை வலிக்கவில்லை. வெயில் ஏறுவதற்கு முந்திய அந்த இரண்டு மணிநேரமும் அம்மம்மாவும் நானும் வாசல்படியில் உட்கார்ந்து பேசினோம்.