கோதுமை வயலின் நடுவே ஒரு பாதை: இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒருநாள் நடை

இங்கிலாந்துக்கு வருபவர்கள் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து முடித்த பின்பும், அந்நாட்டின் பெருஞ்செல்வம் என்று நான் கருதும் ஒன்றைப் பெரும்பாலும் காணாமலேயே இருந்துவிடுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் உள்ளன. தனியாருக்குச் சொந்தமான வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், தோப்புகள், சில இடங்களில் ஒரு பண்ணை வீட்டின் முற்றம் ஆகியவற்றின் ஊடாகவே செல்லும் இவ்வழிகளில் எவரும், எந்நாளும், யாருடைய அனுமதியும் கேட்காமல் நடக்கலாம்.

இதைச் சொல்வது எளிது. நம்பி நடப்பது கடினம். வரப்பில் நடந்து பழகிய எனக்கு, விளைந்து நிற்கும் கோதுமைக்குள் கால் வைப்பது பிழையான செயலாகவே தோன்றியது. முதல்முறை அத்தகைய வயலின் ஓரத்தில் வெகுநேரம் தயங்கி நின்றேன். வேலிக் கம்பத்திலிருந்த மஞ்சள் அம்புக்குறி நேராக வயலின் நடுப்பகுதியைக் காட்டியது. உற்றுப் பார்த்தபோதுதான், இடுப்பளவுப் பயிருக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் வெறும் மண் தெரியும் கோடு ஒன்று எதிர்ப்புற வேலிவரை ஓடுவது புலப்பட்டது. அந்தக் கோட்டை அந்த நிலத்தின் உழவரே ஏற்படுத்தியிருந்தார். வயலின் குறுக்கே செல்லும் நடைவழியை உழுது விதைத்தால், 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதை மீண்டும் ஒழுங்குபடுத்தித் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே பயிருக்கு மதிப்பளிப்பதாக எண்ணி வயலின் ஓரமாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. அவ்வாறு சுற்றினால்தான் நமக்கு உரிமையில்லாத நிலத்தில் நடப்பவர்களாகிறோம்.

அம்புக்குறிகளின் நிறங்களை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நடப்பவர்களுக்கு மட்டும் உரியது. நீலம் நடப்பவர்களோடு குதிரையில் செல்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியது. ஓக் மரக் கொட்டையின் படம் இருந்தால் அது நெடுந்தூரத் தேசிய நடைவழிகளில் ஒன்று. இவை தவிர, மலை, புல்மேடு, புதர்வெளி போன்ற திறந்த நிலங்களில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். இந்த உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. 1932 ஏப்ரல் 24 அன்று பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில், வேட்டைக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்த நிலத்தில் நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். அவர்களில் ஐவர் சிறை சென்றார்கள். அந்த மாவட்டமே பின்னர் 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது.

அம்புக்குறிகள் காற்றில் சாய்ந்திருக்கலாம், கொடிகளில் மறைந்திருக்கலாம். ஆதலால் உண்மையான துணை வரைபடமே. ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, ஆரஞ்சு அட்டையுடன் 1:25,000 அளவில் வருவது, நடப்பவர்களுக்கு ஏற்றது. அதில் நான்கு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பொதுவழிகள் பச்சைக் கோடுகளாகவும், வயல்களைப் பிரிக்கும் வேலிகள் மெல்லிய கறுப்புக் கோடுகளாகவும் இருக்கும். இந்த வேலிக் கோடுகளைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். பாதை வேலியின் இடப்புறமா வலப்புறமா, எத்தனையாவது வேலியைத் தாண்டியபின் திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டு நடந்தால் வழி தவறுவது அரிது. கைப்பேசியிலும் இவ்வரைபடங்கள் கிடைக்கும்; ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் இராது என்பதால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்வதும், தாள் வரைபடம் ஒன்றைப் பையில் வைப்பதும் நல்லது.

முதல் நடைக்கு, ரயிலும் பேருந்தும் எட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சசெக்ஸ் கடற்கரையின் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகள். ஈஸ்ட்போர்ன் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பிரைட்டன் செல்லும் பேருந்தில் எக்ஸீட் என்னும் இடத்தில் இறங்கி, ஈஸ்ட்போர்னுக்குத் திரும்ப நடக்கலாம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கக்மியர் ஆறு பாம்புபோல் வளைந்து கடலைச் சேரும் சமவெளியை ஒட்டிச் சென்று, பிறகு புல் போர்த்திய மேடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கினால், பர்லிங் கேப் என்னும் தாழ்விடத்தில் தேநீர் அருந்தலாம். அதற்கு அப்பால் 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட் முனை. அங்கே வேலி இல்லாத இடங்களே மிகுதி; விளிம்பில் காணப்படும் புல்லுக்கு அடியில் பாறை அரித்துப் போயிருக்கலாம் என்பதால், படம் எடுக்கும் ஆசையில் ஓரத்துக்குப் போவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

நேரத்தைக் கணக்கிட 1892-இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த முறை இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எனவே 300 மீட்டர் ஏற்றமுள்ள 15 கிலோமீட்டர் நடைக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். உணவுக்கும் ஓய்வுக்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் நான் மேலும் இரண்டு மணி சேர்த்துக்கொள்வேன். தென் இங்கிலாந்தில் டிசம்பரில் மாலை நான்கு மணி வாக்கிலேயே கதிரவன் மறைந்துவிடும். ஜூனிலோ இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். காடுகளில் நீலமணிப் பூக்கள் விரிந்து கிடக்கும் ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமுமே என் விருப்பம்.

ஆடை பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை: மெல்லிய உடைகளை அடுக்காக அணிந்து, மேலே மழைச்சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நனைந்தால் எளிதில் உலராத ஜீன்ஸைத் தவிருங்கள். காலணி மட்டும் வேறு செய்தி. ஒரு பிப்ரவரியில் ஓட்டக் காலணியுடன் களிமண் வயல் ஒன்றைக் கடக்க முயன்றேன்; பாதி வழியில் சேறு காலணியைப் பிடித்துக்கொள்ள, காலுறை மட்டும் அணிந்த பாதம் வெளியே வந்தது. கணுக்காலை மூடும், அடிப்பகுதி ஆழமாக வெட்டப்பட்ட, நீர் புகாத பூட்ஸ் அன்றே வாங்கப்பட்டது. கோடையில் உயர்ந்த புல்லில் உண்ணிகள் இருக்கும். அவை லைம் நோயைப் பரப்பக்கூடும் என்பதால், முழுக்கால்சட்டை அணிவதும், வீடு திரும்பியபின் உடலைச் சோதிப்பதும் வேண்டும்.

வழியில் வேலியைத் தாண்ட மரப்படிகளும், ஆள் நுழையலாம் ஆனால் மாடு நுழைய முடியாத வகையில் வளைவுக்குள் ஆடும் கதவுகளும் வரும். கதவு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே விட்டுச் செல்வது நெறி. திறந்திருந்த கதவை மூடினால், ஆடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைத்தவர்களாகக்கூடும். மாடுகளைப் பொறுத்தவரை, இளம் மாடுகள் ஆர்வத்தால் பின்தொடரும். ஓடாமல் அமைதியாக நடந்தால் போதும். கன்றுடன் நிற்கும் தாய்ப்பசு அப்படியன்று. தாய்க்கும் கன்றுக்கும் இடையில் செல்லாமல் தொலைவாகச் சுற்றிச் செல்லுங்கள். நாயுடன் செல்பவர்களை மாடு துரத்தினால், நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும்; மாட்டின் சினம் பெரும்பாலும் நாயின்மீதுதான், நாயும் வேகமாக ஓடித் தப்பிவிடும்.

நண்பகல் உணவுக்குக் கிராமத்துப் பப்பில் அமர்வது இந்நடையின் பாதி இன்பம். ஆனால் பல பப்புகளில் சமையலறை பிற்பகல் இரண்டரை மணிக்கே மூடப்படும். பத்து நிமிடம் தாமதமாகச் சென்று, உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுகளால் பசியாறிய அனுபவம் எனக்குண்டு. அதன்பிறகு புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கிறது. அதை வெளியே ஏதேனும் வேலியோரம் அமர்ந்து உண்பதுதான் முறை, பப்பின் மேசையில் அன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றூர்களுக்குப் பேருந்து இல்லாமலும் போகலாம். கடைசி வண்டியின் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சேறு படிந்த பூட்ஸைப் பப்பின் வாசலிலேயே கழற்றிவிடுவது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் அவற்றுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வெப்பமூட்டியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால், தோல் வெடிக்காமல் மறுநாளைக்குள் ஓரளவு உலர்ந்துவிடும்.