வாட்ஸ்அப்பில் போட்டோவைத் தரம் குறையாமல் அனுப்புவது எப்படி?

போனில் பளிச்சென்று இருந்த படம், இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்ததும் மங்கிவிடுகிறதா? கேலரியிலிருந்து வழக்கம்போல் அனுப்பினால், டேட்டாவை மிச்சப்படுத்த வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்.

12 மெகாபிக்சல் படத்தில் 4000க்கு 3000, அதாவது 1.2 கோடி பிக்சல்கள் இருக்கும். அது 1600க்கு 1200 ஆகச் சுருங்கினால் மிஞ்சுவது 19.2 லட்சம்தான். போன் திரையில் இது அவ்வளவாகத் தெரியாது, அச்சிடும்போது தெரிந்துவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் மூலப்படத்தை 13 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். சுருங்கிய படம் 5 அங்குலத்துக்கு மேல் தாங்காது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. அனுப்ப வேண்டியவரின் உரையாடலைத் திறங்கள். ஆண்ட்ராய்டில் பேப்பர் கிளிப் படத்தையும், ஐபோனில் கூட்டல் குறியையும் தொடுங்கள்.

2. கேலரி பக்கம் போக வேண்டாம். டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளேயே போட்டோவை எடுக்கும் வழி இருக்கும்.

3. படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கோப்பின் பெயருக்குக் கீழே 4 எம்பி, 5 எம்பி என்று மூலப்படத்தின் அளவே தெரிந்தால், படம் அப்படியே போகிறது என்று அர்த்தம்.

ஹெச்டி பொத்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சாதாரணமாக அனுப்புவதைவிட அது மேல், ஆனால் அதிலும் சுருக்கம் உண்டு. பார்த்து மகிழ ஹெச்டி போதும். பிரேம் போட வேண்டிய படத்தை டாக்குமெண்டாகவே அனுப்புங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சின்ன சோதனை. யாராவது ஒருவரின் முகப்படத்தை உங்கள் எண்ணுக்கே இரண்டு விதமாகவும் அனுப்பி, கண்ணருகே விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். மூலப்படத்தில் இமை முடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். சுருங்கியதில் எல்லாம் ஒட்டி, மை தீற்றியது போல இருக்கும். பிக்சல்கள் குறைவதாலும், ஜேபெக் (JPEG) என்ற படச் சுருக்க முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கமான வேறுபாடுகளைக் கழித்துவிடுவதாலும் வருவது இது. அப்படிக் கழிந்தது திரும்பி வராது. சுருங்கிய படத்தை டாக்குமெண்டாக மறுபடி அனுப்பினாலும் பயனில்லை.

அப்புறம், முக்கியமான ஒரு விஷயம். படக்கோப்புக்குள் எடுத்த தேதி, கேமரா மாடல் போன்ற விவரங்கள் இருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்திருக்கும். டாக்குமெண்டாக அனுப்பும்போது இவையும் கூடவே போய்விடும். வீட்டில் எடுத்த குழந்தையின் படம் என்றால் உங்கள் வீடு இருக்கும் இடமே போகிறது! நெருங்கியவர்களுக்கு என்றால் பரவாயில்லை. முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் முன் கண்டிப்பாகப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளினால் விவரங்கள் வரும், இருப்பிடம் பதிவாகியிருந்தால் வரைபடமும் தெரியும். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால், கீழே இந்த விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. இனி எடுக்கும் படங்களில் இடமே பதிய வேண்டாம் என்றால், கேமராவுக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியை எடுத்துவிடுங்கள்.

ஐபோன்காரர்களுக்கு ஒன்று: உங்கள் படம் ஹெச்இஐசி (HEIC) என்ற ஐபோனின் கோப்பு வடிவில் இருந்தால், வாங்குபவரின் பழைய கணினியில் திறக்காமல் போகலாம். செட்டிங்ஸில் கேமரா, பார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றினால், அதன்பின் எடுப்பவை ஜேபெக்காக வரும்.

நூறு, இருநூறு படங்கள் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பது சுலபம். 15 ஜிபி வரை இலவசம். ஜிப் செய்தால் ஒரே கோப்பாகும், அவ்வளவுதான். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது என்பதால் அளவு பெரிதாகக் குறையாது.

போய்ச் சேர்ந்ததும் எத்தனை பிக்சல் காட்டுகிறது என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் போனில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்துப்போகும் வரை மூலப்படத்தை அழிக்காதீர்கள்.