கிராம சபையில் மனு கொடுப்பது எப்படி

தமிழ்நாட்டில் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்பதால், குடிநீருக்கோ சாலைக்கோ மனு கொடுக்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கையை மட்டும் எழுதுங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் வருவதில்லை" என்பதைவிட, "மேலத்தெருவில் மாரியம்மன் கோயிலுக்கு வடக்கே உள்ள பொதுக்குழாயில் இருபது நாள்களாகத் தண்ணீர் வரவில்லை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள்கூடக் குடத்துடன் பக்கத்துத் தெருவுக்கு நடக்கிறார்கள்" என்று எழுதினால், படிக்கும் அலுவலர் இடத்தையும் பாதிப்பையும் உடனே புரிந்துகொள்வார். தேதி, முகவரி, கையொப்பங்கள் ஆகியவற்றுடன் இரண்டு படிகள் தயாரித்து, ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். பலர் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். பின்னாளில் அந்தத் தாள் ஒன்றே சான்றாக நிற்கும்.

கூட்டத்தில் மனுவை வாசித்து, அதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதியதை உரக்கப் படிக்கக் கேட்ட பிறகே கையெழுத்திடுவது நல்லது, ஏனெனில் வெற்றுப் பக்கத்தில் இட்ட கையெழுத்துக்கு மேலே எதையும் எழுதிவிட முடியும்.

நடவடிக்கை இல்லையெனில், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் முத்திரையிட்ட நகலை இணைத்துக் கொடுங்கள். தீர்மானத்தின் நகலை, 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும்.